கைமரத்தின் மேல் எவ்வளவு பாரம்? பழைய பங்களாவும் புதிய மரக்கட்டுமானமும்

சென்னையில் எழும்பூர், கீழ்ப்பாக்கம், அடையாறு பக்கம் நூறு வயதைத் தாண்டிய பங்களா ஒன்றுக்குள் நுழைய வாய்த்தால், தரையையும் தூண்களையும் பார்ப்பதற்கு முன் தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள். ஓர் அடியிலிருந்து ஒன்றரை அடி இடைவெளியில் தேக்குக் கைமரங்கள் வரிசையாக ஓடும். அவற்றின் மேல், ஆறு அங்குல நீளமும் ஓர் அங்குலக் கனமும் கொண்ட சிறு செங்கற்கள் மூலைவாட்டில் சாய்ந்து, பக்கவாட்டில் நின்றபடி பதிந்திருக்கும். இதுதான் மெட்ராஸ் டெரஸ். கீழே பலகை அடித்து முட்டுக்கொடுக்காமலே கட்டப்பட்ட கூரை இது. கொத்தனார் ஒரு மூலையில் தொடங்கி, சுண்ணாம்புக் காரை தடவிய கல்லை முந்தைய கல்லோடு ஒட்டிக்கொண்டே போவார். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலத்துக்குப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். கடைசியாக மேலே தட்டோடு எனப்படும் தட்டையான ஓடு பதிப்பார்கள்.

அந்தக் கூரையில் நோய் எங்கே தொடங்கும் என்பது பழைய தச்சர்களுக்குத் தெரியும். சுவருக்குள் புதைந்திருக்கும் கைமரத்தின் ஒரு சாண் முனையில்தான் தொடங்கும். ஏணி வைத்து ஏறி, சுவரை ஒட்டிய இடத்தில் குத்தூசியை அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல தேக்கில் ஊசி இறங்காது. ஒரு பொட்டு மட்டும் விழும். இற்றுப்போன முனையில் அதே ஊசி வெந்த கிழங்கில் இறங்குவதுபோல் இறங்கிவிடும். வெளியே இழுத்தால் கூடவே பழுப்புத் தூள் வரும். முகர்ந்தால் காளான் வாடை அடிக்கும். பதினைந்தடி நீளக் கைமரத்தில் பதினான்கு அடி இன்னும் இரும்பாக இருக்கும். மழைநீர்க் குழாய் ஒழுகும் பக்கத்து ஓர் அடிதான் போயிருக்கும்.

இந்த ஓரடி நோய்க்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து, கூரை முழுவதையும் இறக்கிவிட்டுக் கான்கிரீட் தளம் போடுவது. மாடியும் எழுப்பிக்கொள்ளலாம் என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லவும், மரக்கட்டுமானம் கடந்த முப்பது ஆண்டுகளில் எங்கே போயிருக்கிறது என்பதைப் பழைய பங்களாவோடு சேர்த்துப் பார்க்கவும்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயரிலிருந்து தொடங்கலாம். பங்களா என்பது வங்காளத்து வீடு. வங்காள நாட்டுப்புறத்தின் தாழ்ந்த கூரைக் குடிலைப் பார்த்து, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் தங்களுக்குக் கட்டிக்கொண்ட ஒற்றைத்தள வீட்டுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு அது உலகம் சுற்றியது. அமெரிக்காவின் பாசடீனாவில் 1908இல் கிரீன் சகோதரர்கள் வடிவமைத்த கேம்பிள் இல்லம், அந்த மரபு மரத்தில் எட்டிய உச்சங்களில் ஒன்று. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் அது கம்பங்களின் மேல் நிற்கும் மர வீடாயிற்று. அங்கே இன்றும் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கி, அடியில் இன்னொரு தளம் சேர்க்கிறார்கள். அசாமில் 1897 ஜூன் 12 நிலநடுக்கம் கல்வீடுகளைத் தரைமட்டமாக்கிய பிறகு, மரச்சட்டமும் நாணல் தட்டியும் மண்பூச்சும் கொண்ட இலேசான வீடு பரவியது. அதற்கு அசாம் வகை வீடு என்றே பெயர்.

சென்னையில் பங்களா செங்கல் சட்டை போட்டுக்கொண்டது. வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சும் தூண்களும் சேர்ந்ததால் கல்கட்டடம் போலத் தோன்றியது. எலும்பு மரம்தான். பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்குதான் தளத்தையும் கூரையையும் தாங்கியது. அந்த மரம் இனிக் கிடைப்பது அரிது: மியான்மர் 2014இல் தேக்கு உருட்டுக்கட்டை ஏற்றுமதியைத் தடைசெய்துவிட்டது. இயற்கைக் காட்டில் மெல்ல வளர்ந்து வைரம் பாய்ந்த தேக்கும், தோட்டத்தில் இருபது இருபத்தைந்து ஆண்டில் வெட்டும் தேக்கும் ஒன்றல்ல. தலைக்கு மேலே இருப்பதை இறக்கி மரவாடிக்கு விற்றுவிட்டுக் கம்பியும் சிமென்ட்டும் வாங்குபவர், திரும்பக் கிடைக்காத ஒன்றைக் கொடுத்து எங்கும் கிடைப்பதை வாங்குகிறார்.

கான்கிரீட்டின் மேல் எனக்குப் பகை இல்லை. இந்தச் சுவர்களோடு அது ஒத்துப்போவதில்லை என்பதுதான் சிக்கல். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் மூச்சுவிடும்; தரையிலிருந்து ஏறும் ஓதத்தை வெளிப்பூச்சின் வழியே காற்றுக்கு விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே மேலேறி, கைமர முனையில் போய் நிற்கும். மேலே சொன்ன காளான் வாடைக்குப் பாதிக் காரணம், பிற்காலத்தில் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட சிமென்ட் பூச்சுதான்.

அடுத்தது பாரம். ஒன்றரை அடி, இரண்டடி அகலச் சுவர்கள் செங்குத்துப் பாரத்தைப் பெரும்பாலும் தாங்கிவிடும். ஆழமில்லாத அஸ்திவாரம்தான் முதலில் தவிக்கும். களிமண் நிலத்தில் ஒரு பக்கம் மட்டும் கூடுதல் சுமை ஏறினால் அந்தப் பக்கம் அமர்ந்து சுவரில் மாடிப்படி போல விரிசல் ஓடும். நிலநடுக்கமும் உண்டு. இந்தியத் தரநிர்ணயம் 2002இல் சென்னையை நிலநடுக்க அபாயத்தின் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. கம்பி இல்லாத செங்கல் சுவரின் தலையில் எவ்வளவு எடை வைக்கிறோமோ, நிலம் ஆடும்போது அதே விகிதத்தில் பக்கவாட்டு விசையும் கூடும்.

இந்த இடத்தில்தான் புதிய மரக்கட்டுமானம் கணக்கை மாற்றுகிறது. புதியது என்றாலும் அதன் வேர் பழையது. மெல்லிய பலகைகளை ஒரே திசையில் அடுக்கி ஒட்டிப் பெரிய உத்தரம் செய்யும் முறைக்கு, ஜெர்மனியின் வைமாரைச் சேர்ந்த தச்சர் ஓட்டோ ஹெட்சர் 1906இல் காப்புரிமை பெற்றார். இன்று அது குளூலாம் எனப்படுகிறது. 1990களில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் அடுத்த படி வந்தது: பலகைகளை ஒரு வரிசை நெடுக்காகவும் அடுத்த வரிசை குறுக்காகவும் மூன்று, ஐந்து, ஏழு அடுக்குகளாக ஒட்டி, சுவராகவும் தளமாகவும் நிற்கும் பெரும் பலகையாக்கினார்கள். சுருக்கமாக சிஎல்டி என்று சொல்கிறார்கள். கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கெர்ஹார்ட் ஷிக்ஹோஃபர் இதற்கான ஆய்வுக்காக 2019இல் மார்க்கஸ் வாலன்பெர்க் பரிசு பெற்றார். மரம் ஈரத்தில் அகலவாக்கில் உப்பும், நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. ஒவ்வோர் அடுக்கும் பக்கத்து அடுக்கைப் பிடித்து நிறுத்திவிடுவதால் பலகை தன் அளவில் நிற்கிறது. நார்வேயில் 85 மீட்டர் உயரத்துக்கு மரக்கட்டடம் நிற்பதெல்லாம் இதன் தொடர்ச்சி. நமக்கு அந்த உயரம் வேண்டாம். ஒரு மாடி போதும்.

தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜல்லி, தட்டோடு எல்லாம் சேர்ந்த மெட்ராஸ் டெரஸ் சதுர மீட்டருக்கு 400 கிலோ அளவில் இருக்கும். மொட்டைமாடியில் ஆள் நடமாடத் தரநிர்ணயம் 150 கிலோவைச் சேர்க்கச் சொல்கிறது. ஆக, அந்தச் சுவர்கள் ஏற்கெனவே 550 கிலோவுக்குப் பழகியவை. டெரஸ் முழுவதும் இற்றுப்போய் இறக்கத்தான் வேண்டும் என்று வையுங்கள். அந்த இடத்தில் 140 மில்லிமீட்டர் சிஎல்டி தளம் போட்டால் 70 கிலோ, மேல்தரைக்கு 60, அதற்கு மேல் மரச்சட்டச் சுவர்களும் இலேசான கூரையுமாக ஓர் அறை எழுப்பினால் 100. இது 230. குடியிருப்புத் தளத்தில் மனிதர்களுக்கும் சாமான்களுக்கும் 200, புதிய கூரையில் ஏறிப் பழுதுபார்ப்பவருக்கு 75. மொத்தம் 505. பழைய மொட்டைமாடி ஒன்று சுமந்ததைவிடக் குறைவு! அதே அறையை ஆறங்குலக் கான்கிரீட் தளமும் ஒன்பதங்குலச் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையுமாகக் கட்டினால், கட்டடத்தின் எடை மட்டுமே ஆயிரம் கிலோவைத் தாண்டிவிடும்.

எந்த வீட்டுக்கும் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு கட்டமைப்புப் பொறியாளர் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: டெரஸ் நல்ல நிலையில் இருந்தால் அதைத் தொடவே கூடாது. சென்னை வெயிலில் அந்த எட்டங்குலக் கனம்தான் பகல் சூட்டை மாலைவரை தடுத்து நிறுத்துகிறது. மரம் இலேசானது, வெப்பத்தைத் தேக்கி வைக்காது. அதனால் புதிய மரக்கூரைக்குக் கீழே வெப்பத் தடுப்பு அடுக்கும், கூரைத் தகட்டுக்கும் அதற்கும் நடுவே காற்று ஓடும் இடைவெளியும் இல்லாவிட்டால் மாடி அறை மே மாதத்தில் அடுப்பாகிவிடும். நல்ல டெரஸின் மேல் நாலு பக்கமும் திறந்த மரக்கொட்டகை ஒன்றை மட்டும் நிறுத்தினாலே கீழ்த்தளம் கண்கூடாகக் குளிரும்.

முனை மட்டும் இற்றிருந்தால் வேலை இன்னும் சிறியது. கைமரத்துக்குக் கீழே முட்டுக்கொடுத்து, கெட்ட பகுதியை நல்ல மரம் வரும்வரை அறுத்து நீக்கி, அதே அளவில் புதுத்துண்டைச் சாய்வெட்டாக வைத்துத் திருகாணியால் இணைப்பார்கள். அல்லது பக்கத்தில் ஒரு துணைச் சட்டம் பிணைப்பார்கள். இதற்கென்றே இன்று ஒரு சாண் நீளம் முதல் ஒரு முழ நீளம் வரை கடினப்படுத்திய எஃகுத் திருகாணிகள் வருகின்றன. கைமரத்தின் மேல் கட்டமைப்புக்கான ஒட்டுப்பலகையை (பிளைவுட்) இவற்றால் இறுக்கினால் இரண்டும் ஒரே உறுப்பாக வேலைசெய்து, ஆடிய தளம் அடங்கிவிடும்.

அந்தத் திருகாணியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முறுக்கினால் இறங்குகிறது, எதிர்ப்பக்கம் முறுக்கினால் வந்துவிடுகிறது. பழைய தச்சர் சட்டத்தின் முனையில் செதுக்கிய கழுந்தை அடுத்த சட்டத்தின் துளைக்குள் செலுத்தி மர ஆணி அடித்தபோதும் இதே வசதிதான் இருந்தது: ஆணியைத் தட்டி எடுத்தால் இணைப்பு கழன்றுவிடும். கான்கிரீட்டை ஊற்றியவர் அதைத் திரும்ப எடுக்க முடியாது, உடைக்கத்தான் முடியும். நெதர்லாந்துக் கட்டடக்கலைஞர் ஜான் ஹாப்ராக்கன் 1961இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: நீண்ட காலம் நிற்க வேண்டிய தாங்கு உறுப்பு வேறு, குடியிருப்பவர் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ள வேண்டிய உள்ளமைப்பு வேறு, இரண்டையும் கலக்காதீர்கள். பழைய பங்களாவுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. தடித்த சுவர்களும் கைமரங்களும் தாங்கு உறுப்பு. அறைத்தடுப்பு, பரண், மாடிப்படி, மின்கம்பி எல்லாம் உள்ளமைப்பு. இவற்றை உலர்முறையில், மரச்சட்டத்தில், திருகாணியில் செய்தால் வீடு குடும்பத்தோடு சேர்ந்து மாறும். வயதான தாய் மாடி ஏற முடியாதபோது பின்கட்டு வராண்டாவைப் பலகைச் சுவரால் அடைத்துப் படுக்கையறையாக்கலாம். பத்தாண்டு கழித்து அதை வராண்டாவாகவே திருப்பிவிடலாம். மின்கம்பிக்காகச் சுண்ணாம்புச் சுவரைக் கொத்திக் குதற வேண்டியதில்லை. அதன் முன்னே நிற்கும் மரச்சட்டத்துக்குள் ஓட்டிவிடலாம்.

குளியலறை மட்டும் விதிவிலக்கு. பழைய கைமரத்தின் மேல் குளியலறை வைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பழைய சுவரைத் தொட்டும் தொடாமலும் பின்புறம் தனிக்கட்டாக வையுங்கள். அந்தக் காலப் பங்களாக்களில் சமையலறையும் குளியலறையும் பிரதான வீட்டிலிருந்து விலகி நின்றதற்கு நெருப்பும் ஈரமும் காரணங்கள். அந்த அறிவு இன்றும் பொருந்தும்.

இனி, மரம் என்றதும் எல்லோரும் கேட்கும் கேள்வி கரையான். இதில் மழுப்பக் கூடாது. ஐரோப்பிய சிஎல்டி பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரம். நம் ஊர்க் கரையானுக்கு அது விருந்து. மருந்தையும் ஸ்ப்ரூஸ் எளிதில் உறிஞ்சாது. தேக்கின் வைரத்துக்கு இயற்கையாகவே உள்ள காப்பு அதற்குக் கிடையாது. ஆகவே அது தரையைத் தொடக் கூடாது. கல் அல்லது கான்கிரீட் பீடத்தின் மேல், எஃகுக் காலணியில் நிற்க வேண்டும். அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியும்படி திறந்திருக்க வேண்டும். கரையான் இருட்டில் மண்குழாய் கட்டிக்கொண்டுதான் மேலேறும். குழாய் தெரிந்தால் அன்றே துடைத்துவிடலாம், பொய்ச்சுவருக்குப் பின்னால் ஏறினால் ஓராண்டு கழித்துத்தான் தெரியும். நியூசிலாந்துப் பைன் இந்த விஷயத்தில் மேல். அதன் வெள்ளைப் பகுதி, வெற்றிட அழுத்த முறையில் மருந்தை உள்ளே வரை வாங்கிக்கொள்ளும். அறுத்த முனையில் மீண்டும் மருந்து பூசாமல் விடுவதுதான் பட்டறைகளில் நான் அதிகம் கவலைப்படும் தவறு.

நெருப்பைப் பற்றிய அச்சம் இயல்பானது, ஆனால் பாதிதான் சரி. சன்னச் சட்டம் குப்பென்று பிடிக்கும். கனத்த உத்தரம் அப்படி எரியாது. மேற்பரப்பு கரியாகி அந்தக் கரியே உள்மரத்துக்குக் கவசமாகும். நிமிடத்துக்கு 0.65 மில்லிமீட்டர் வீதம் கரிவதாகக் கணக்கு. ஒரு மணி நேரத்தில் 40 மில்லிமீட்டர். அந்த அளவைக் கூட்டியே உத்தரத்தைத் தடிமனாக வடிவமைப்பார்கள். வெளியே தெரியும் எஃகு இணைப்பு சூட்டில் இளகும் என்பதால் அதை மரத்துக்குள்ளேயே மறைப்பார்கள்.

நம் கடற்கரையில் நெருப்பைவிடப் புயலை நான் அதிகம் நினைக்கிறேன். இலேசாக இருப்பதன் மறுபக்கம் இது. சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர் என்று வகுத்திருக்கிறார்கள். அந்த வேகத்தில் எழும் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. 400 கிலோ டெரஸ் அசையாமல் உட்கார்ந்திருக்கும். 50 கிலோ எடையுள்ள மரக்கூரை பறந்துவிடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கடந்தபோது தகரக் கூரைகள் போன வழியை இந்த நகரம் பார்த்தது. 1974 கிறிஸ்துமஸ் நாளில் டிரேசி புயல் டார்வின் நகரை அழித்த பிறகு ஆஸ்திரேலியர்கள் கற்றுக்கொண்ட பாடம், கூரையிலிருந்து அஸ்திவாரம் வரை எங்கும் அறுபடாத எஃகுப் பிணைப்பு. பழைய செங்கல் சுவரின் உச்சியில் இரண்டு ஆணி அடித்து நிறுத்துவது பிணைப்பு ஆகாது. தண்டுகள் சுவரில் ஆழமாக இறங்கி, கூரையின் இழுப்பைத் தாங்கும் அளவுக்குச் செங்கல் எடையைக் கவ்விப்பிடிக்க வேண்டும். மரக்கட்டுமானத்துக்கு விலைப்புள்ளி வாங்கும்போது இந்த ஒரு வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நம்மிடம் இதெல்லாம் பரவாததற்கு விலையும் இறக்குமதியும் காரணம். இன்னொரு காரணமும் உண்டு. மத்தியப் பொதுப்பணித் துறை 1993இல் தன் கட்டடங்களில் மரத்தைப் பயன்படுத்தத் தடை விதித்தது. 2020இல்தான் அதை நீக்கியது. நோக்கம் காடுகளைக் காப்பது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் மரத்தைக் கணக்கிடத் தேவையே இல்லாமல் ஓய்வுபெறும் வயதை நெருங்கிவிட்டார்கள். விதிநூல் இல்லாமல் இல்லை: மரக்கட்டமைப்புக்கு ஐஎஸ் 883 இருக்கிறது, தேசியக் கட்டட விதித்தொகுப்பில் தனிப்பகுதியே இருக்கிறது. புரட்டுபவர்தான் குறைவு. வீடு சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) மரபுக் கட்டடப் பட்டியலில் இருந்தால் எதைத் தொடுவதற்கு முன்னும் அனுமதி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆஸ்திரியப் பலகையைக் கப்பலில் வரவழைக்கும் முன் உள்ளூரில் தேடச் சொல்வேன். இடித்த வீடுகளின் தேக்குக் கைமரங்கள் பழைய மரக்கடைகளில் அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றை வாங்கி, புதைந்த ஆணிகளைக் காந்தத்தால் தேடிப் பிடுங்கிவிட்டு அறுத்தால் உள்ளே மரம் நேற்று வெட்டியதுபோல் எண்ணெய் மின்னும். பழைய கைமரத்துக்கு ஒட்டுத்துண்டு போட இதைவிடப் பொருத்தமான மரம் கிடையாது.

வேலையை எப்போது தொடங்குவது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. முதலில் ஒழுகும் குழாயைச் சரிசெய்யுங்கள். சிமென்ட் பூச்சைச் செதுக்கிவிட்டுச் சுண்ணாம்பு பூசுங்கள். கைமர முனையைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளி விட்டுக் காற்றோட்டம் கொடுங்கள். ஒரு வடகிழக்குப் பருவமழை கடந்து போகட்டும். ஜனவரியில் ஏணியைப் போட்டு, ஈரமானியின் இரண்டு ஊசிகளை அதே முனையில் குத்திப் பாருங்கள். 20 சதவிகிதத்துக்கு மேல் காட்டினால் தண்ணீர் இன்னும் எங்கிருந்தோ வருகிறது, தேடுங்கள். 15க்குக் கீழே இறங்கியிருந்தால், தச்சரை அழைக்கலாம்.